விருதுநகரில் 4,379 வாக்குகள்: தோற்ற வாக்கு எங்கே போகிறது?

கரிசல்மண் (5 ஜூன் 2024, காலை 6.40)

மக்களவைத் தேர்தலில் வாக்களித்த ஏப்ரல் 19 அன்று என் இடது ஆட்காட்டி விரலில் வைத்த மை, நகம் வளர வளர நுனிப்பக்கம் நகர்ந்து, சென்ற வாரம் நகம் வெட்டியபோது பெரும்பகுதி போய்விட்டது. வாக்களித்த நாளுக்கும் முடிவு வெளியான நாளுக்கும் நடுவில் 46 நாள்கள் கடந்திருக்கின்றன. அந்த நாள்கள் முழுவதும் எங்கள் வீட்டில் ஒருவகை அமைதி நிலவியது. நேற்று இரவு அது கலைந்தது.

எங்கள் வீட்டில் வாக்காளர்கள் நான்கு பேர். யாருக்கு வாக்களித்தோம் என்பதை நாங்கள் ஒருவருக்கொருவர் மறைப்பதில்லை. நான் கை சின்னத்துக்கும், என் மனைவி முரசுக்கும், மகன் தாமரைக்கும், மகள் ஒலிவாங்கிக்கும் வாக்களித்தோம். விருதுநகர் தொகுதியில் நேற்று முன்னிலை எத்தனை முறை கைமாறியது என்பதைத் தொலைக்காட்சி பார்த்தவர்கள் அறிவார்கள். என் மனைவி மதிய உணவைக்கூடக் கையில் தட்டோடு தொலைக்காட்சி முன் நின்றபடியேதான் சாப்பிட்டார். இறுதியில் காங்கிரசின் மாணிக்கம் தாகூர் 4,379 வாக்குகள் வித்தியாசத்தில் முரசு சின்னத்தில் நின்ற தே.மு.தி.க.வின் விஜய பிரபாகரனை வென்றார் என்று அறிவித்தபோது எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. ஆனால் பக்கத்தில் அமர்ந்திருந்த மனைவியின் முகத்தைப் பார்த்தபின் அதைக் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நான் வெயிலில் ஒரு மணி நேரம் நின்று போட்ட வாக்கு இப்போது எங்கே போயிற்று?"

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியிருக்கிறேன். இயந்திரத்துக்கு முத்திரை வைப்பது எப்படி, படிவங்களை நிரப்புவது எப்படி என்று கேட்டால் உறக்கத்திலும் சொல்வேன். இந்தக் கேள்விக்கு மட்டும் விடை சொல்ல இயலவில்லை. தமிழ்நாட்டின் 39 இடங்களும் புதுச்சேரியும் தி.மு.க.வும் காங்கிரசும் இருக்கும் ஒரே அணிக்குச் சென்றிருக்கும் இன்று, வென்ற பக்கத்தில் இருப்பவர்களும் தோற்ற பக்கத்தில் இருப்பவர்களும் தங்கள் மனநிலையை இங்கே நேர்மையாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொங்குக்காரன் (5 ஜூன், காலை 8.15)

ஐயா, உங்கள் மகன் வாக்களித்த சின்னத்துக்கே நானும் வாக்களித்தேன், கோவையில். எனவே என் நிலையைச் சொல்கிறேன். நேற்று காலை எட்டு மணிக்கு அஞ்சல் வாக்குகளை எண்ணத் தொடங்கியபோது நான் மிகுந்த நம்பிக்கையோடு இருந்தேன். ஜூன் 1 மாலை வெளியான கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கிடைக்கும் என்றன. சில 400 வரையும் சென்றன. வந்தது 293. பா.ஜ.க. மட்டும் 240, தனிப் பெரும்பான்மைக்கு 32 இடங்கள் குறைவு. மோதி மூன்றாம் முறையாகப் பிரதமராகப் போகிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வாரணாசியிலேயே அவருடைய வித்தியாசம் சென்ற முறை இருந்த 4.79 லட்சத்திலிருந்து 1.52 லட்சமாகக் குறைந்திருப்பதைப் பார்த்தபின், வென்றவன் என்று மார்தட்டிக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

கோவையில் அண்ணாமலைக்கு 4,50,132 பேர் வாக்களித்தோம்; 1,18,068 வாக்குகளில் தோற்றோம். மாநிலம் முழுவதும் பா.ஜ.க.வுக்கு 11 சதவீதத்துக்கு மேல் வாக்கு கிடைத்தும் ஓர் இடம்கூட இல்லை. நாட்டில் என் கட்சி ஆட்சி அமைக்கிறது. என் ஊரில் என் குரலைக் கொண்டுசெல்ல ஒருவரும் இல்லை. ஐயாவுக்கோ இதற்கு நேர்மாறான நிலை: ஊரில் அவருடைய உறுப்பினர் இருக்கிறார், ஆட்சி அவருடையது அன்று. நம் இருவரில் யார் வென்றவர், யார் தோற்றவர் என்று நேற்று இரவு முழுவதும் யோசித்தேன்.

வைகைக்கரை (5 ஜூன், காலை 10.02)

தம்பி, உங்களுக்கு டெல்லியாவது இருக்கிறது. நான் இரட்டை இலைக்கு வாக்களித்தவள்; எனக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. மாநிலத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியும் ஒற்றை இடம் இல்லை.

ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. 2014இல் அம்மா தனித்து நின்று 39இல் 37 இடங்களை வென்றார்கள். அப்போது நாங்கள் வாங்கிய வாக்கு ஏறத்தாழ 44 சதவீதம். தி.மு.க. 23 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கியும் ஒரு இடமும் பெறவில்லை. எங்கள் தெருவில் இனிப்பு வழங்கினோம். எதிர்வீட்டுக்காரர் தி.மு.க.வின் பழைய தொண்டர். அவருக்கும் ஒரு பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் பிரிக்கவில்லை. அந்தப் பொட்டலம் இரண்டு நாள் அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. அன்று அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நேற்று மாலை அதே வீட்டிலிருந்து அவர் பேரன் இனிப்பு கொண்டு வந்தபோதுதான் புரிந்தது. நான் வாங்கி, அவன் முன்னாலேயே பிரித்து ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டேன். பிள்ளை மனம் வாடக்கூடாது அல்லவா.

முதல்வாக்கு (5 ஜூன், பிற்பகல் 1.30)

எனக்கு இது முதல் தேர்தல். நாம் தமிழர் கட்சிக்கு வாக்களித்தேன். என் வீட்டில் எல்லோரும் "வாக்கை வீணாக்கிவிட்டாய்" என்றார்கள். நான் வீணாக்கவில்லை என்று உறுதியாக நம்புகிறேன். பழகிய கரும்பு விவசாயி சின்னம் கிடைக்காமல், ஒலிவாங்கி என்ற புதிய சின்னத்தில் போட்டியிட்டும் கட்சி எட்டு சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. அந்த அளவு, மாநிலக் கட்சி என்ற அங்கீகாரத்தைப் பெறப் போதுமானது. எனவே என் வாக்கு ஓர் உறுப்பினரை அனுப்பவில்லை என்றாலும், நாளை ஒரு நிலையான சின்னத்தைப் பெற்றுத் தரும். கரிசல்மண் ஐயாவின் மகளிடம் இதைச் சொல்லுங்கள். அவருடைய அம்மாவின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

சட்டம்படித்தவன் (5 ஜூன், மாலை 4.48)

அம்மையாரின் கேள்விக்கு, எண்ணிக்கைமுறை என்ற கோணத்தில் ஒரு விடை இருக்கிறது. நம் நாட்டில் ஒவ்வொரு தொகுதியிலும் மற்றவர்களைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வென்றவர். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் வென்ற அணி பெற்ற வாக்கு ஏறத்தாழ 47 சதவீதம். அதாவது, வாக்களித்தவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் வேறு யாருக்கோ வாக்களித்தார்கள். அவர்கள் அனைவருக்கும் சேர்த்துக் கிடைத்த இடம் சுழியம். நாடு தழுவிய கணக்கும் இதையே காட்டுகிறது. பா.ஜ.க.வின் வாக்கு 2019இல் 37.4 சதவீதமாக இருந்தது, இப்போது 36.6. ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. ஆனால் இடங்கள் 303இலிருந்து 240ஆகக் குறைந்துவிட்டன. 2014இல் பகுஜன் சமாஜ் கட்சி வாக்கு விகிதத்தில் நாட்டிலேயே மூன்றாம் இடம் பெற்றும் மக்களவையில் ஓர் இடமும் பெறவில்லை. வாக்கு எத்தனை விழுந்தது என்பதைவிட எங்கே விழுந்தது என்பதே நம் முறையில் முடிவைத் தீர்மானிக்கிறது.

இதற்கு மாற்றாக, வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்களைப் பகிரும் விகிதாசார முறை பல நாடுகளில் இருக்கிறது. அருகிலுள்ள இலங்கை அம்முறையைப் பின்பற்றுகிறது. ஜெர்மனி தொகுதியையும் விகிதத்தையும் இணைத்த கலப்பு முறையைப் பின்பற்றுகிறது. இந்தியாவும் கலப்பு முறைக்கு மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விருதுநகர் பற்றி மறு எண்ணிக்கைப் பேச்சு எழுகிறது என்பதால் ஒரு குறிப்பு. முடிவை அறிவிக்கும் முன் வேட்பாளரோ அவருடைய முகவரோ காரணங்களை எழுதிக் கொடுத்து மறு எண்ணிக்கை கோரலாம். தேர்தல் நடத்தும் அலுவலர் அதை ஏற்கலாம் அல்லது காரணம் பதிந்து மறுக்கலாம். அறிவித்த பின் இருக்கும் வழி, 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தொடுப்பது. இது தவிர, இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சதவீத இயந்திரங்களின் நினைவகத்தைச் சரிபார்க்கும்படி ஏழு நாள்களுக்குள் எழுத்துமூலம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கடந்த ஏப்ரல் 26 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. தோற்றவர் இந்த வழிகளைப் பயன்படுத்துவது அவருடைய உரிமை. அதற்காக அவரைக் குறை கூறுவது முறையன்று.

சிவகாசிப்பெண் (5 ஜூன், இரவு 9.20)

வேலை முடிந்து வந்து இப்போதுதான் படித்தேன். நானும் விருதுநகர் தொகுதிதான். என் அம்மா பட்டாசுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நான் அச்சகத்தில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் கட்சியைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் அம்மாவின் வேலையை நினைத்து வாக்களித்தேன்.

பேரியம் என்ற வேதிப்பொருள் கலந்த பட்டாசையும் சரவெடியையும் செய்யக்கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதன் பிறகு எங்கள் ஊரில் வேலை நாள்கள் எப்படிக் குறைந்தன என்பது எங்களுக்குத் தெரியும். மறுபக்கம், சென்ற மாதம் செங்கமலப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலையும் வேண்டும், வேலைக்குப் போனவர் மாலையில் வீடு திரும்பவும் வேண்டும். இரண்டும் டெல்லியில் எடுக்கும் முடிவுகளோடு தொடர்புடையவை; ஏனென்றால் வெடிபொருள் பற்றிய சட்டமும் விதிகளும் மத்திய அரசின் கையில் இருக்கின்றன.

நான் யாருக்கு வாக்களித்தேன் என்று சொல்லப் போவதில்லை. அவர் வெல்லவில்லை என்று மட்டும் சொல்கிறேன். வென்றவரிடம் நான் போய் நின்றால், இவள் நமக்கு வாக்களித்தவளா என்று பார்ப்பாரா என்பதுதான் என் கவலை. விகிதாசார முறை வந்தால் எங்கள் தொழிற்சாலையைப் பற்றி நான் யாரிடம் போய்க் கேட்பது? கட்சி கொடுக்கும் பட்டியலில் இருக்கும் ஏதோ ஒரு பெயரிடமா? சட்டம் படித்த அண்ணன் இதற்கும் விடை சொல்ல வேண்டும்.

கரிசல்மண் (6 ஜூன், காலை 6.15)

சிவகாசியிலிருந்து எழுதிய சகோதரியின் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "இந்தப் பெண் கேட்டதுதான் நான் கேட்டதும்; எனக்குக் கேட்கத் தெரியவில்லை" என்றார். தோற்ற வாக்கு எங்கே போகிறது என்பதைவிட, தோற்றவருக்கு வாக்களித்தவர் வென்றவரிடம் எந்த முகத்தோடு போவது என்பதே பெரிய கேள்வியாக எனக்கும் இப்போது தோன்றுகிறது.

வென்ற பக்கத்தில் நிற்பவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நேற்று முன்தினம் இரவு நான் நினைத்தது "நம் எம்.பி." என்றுதான். அந்த "நம்" என்ற சொல்லுக்குள் என் வீட்டிலேயே மூன்று பேர் இல்லை என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

சட்டம்படித்தவன் (6 ஜூன், காலை 11.35)

சகோதரியின் கேள்வி நியாயமானது. முழு விகிதாசார முறையில் தொகுதிக்கென்று ஒரு முகம் இல்லாமல் போகும் என்பது உண்மையான குறைதான். அதனால்தான் கலப்பு முறை என்று சொன்னேன். அதில் தொகுதி உறுப்பினரும் இருப்பார், பட்டியல் உறுப்பினரும் இருப்பார். ஆனால் இன்றைய நிலைக்கு என் கோரிக்கை பதிலாகாது என்பதை ஏற்கிறேன்.

அவருடைய அச்சத்தின் பின்னால் இன்னொரு காரணமும் இருக்கிறது. வாக்கு இரகசியமானது, ஆனால் எண்ணிக்கை வாக்குச்சாவடி வாரியாக நடக்கிறது, அந்தக் கணக்கு வெளியாகவும் செய்கிறது. ஆயிரம் வாக்காளர்கள் உள்ள ஒரு தெருவில் எந்தக் கட்சிக்கு எத்தனை விழுந்தது என்பது ஊர் முழுவதும் தெரிந்துவிடும். சிற்றூர்களில் "உங்கள் பக்கம் எங்களுக்கு விழவில்லையே" என்று சொல்லிச் சாலையையும் குழாயையும் தாமதப்படுத்துகிறார்கள் என்ற புகார் இதிலிருந்து பிறக்கிறது. பல இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கலந்து கூட்டிக் காட்டும் கருவி ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2008இலேயே பரிந்துரைத்தது. சட்ட ஆணையமும் 2015இல் அதை ஆதரித்தது. இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. தோற்ற பக்கத்து வாக்காளரைக் காப்பதற்கு, முறையையே மாற்றுவதைவிட இது எளிதான வழி.

ஐயவாதி (6 ஜூன், பிற்பகல் 3.10)

நான் இதுவரை எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கைக்கு முந்தைய நாள் வரை வாக்குப்பதிவு இயந்திரத்தில் முறைகேடு நடக்கும் என்று உறுதியாக நம்பியவன் நான். ஆனால் அயோத்தி அடங்கிய பைசாபாத் தொகுதியிலேயே ஆளும் கட்சி தோற்றிருக்கிறது. அமேதியில் ஸ்மிருதி இரானி தோற்றிருக்கிறார். இயந்திரத்தை மாற்ற முடிந்திருந்தால் இந்த இரண்டையும் விட்டுவைத்திருப்பார்களா? என் ஐயம் தீர்ந்துவிட்டது.

கரிசல்மண் (6 ஜூன், இரவு 7.55)

நண்பரே, உங்கள் மனமாற்றத்தை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன காரணத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நமக்குப் பிடித்த முடிவு வந்ததால் இயந்திரத்தை நம்புவதும், பிடிக்காத முடிவு வந்தால் நம்பாமல் இருப்பதும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள். முடிவை வைத்து நடைமுறையை அளக்கக்கூடாது.

நான் வாக்குச்சாவடியில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே முகவர்களை வரவழைத்து, அவர்கள் கண்முன்னே குறைந்தது ஐம்பது மாதிரி வாக்குகளைப் பதிந்து, எண்ணிக் காட்டி, அழித்து, முத்திரை வைப்போம். வாக்காளர் பொத்தானை அழுத்தியதும் பக்கத்துக் கருவியின் கண்ணாடிக்குள் சின்னம் அச்சான சீட்டு ஏழு நொடிகள் தெரியும். மாலையில் எத்தனை வாக்கு பதிவாயிற்று என்பதை 17சி படிவத்தில் எழுதி, கையொப்பமிட்ட நகலை முகவர்களிடம் கொடுப்போம். எண்ணும் நாளில் அந்த எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

ஒரு தேர்தலில், சிற்றூர் ஒன்றின் பள்ளியில் இருந்தேன். அங்கே வந்திருந்த ஓர் இளம் முகவர் 17சி நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கிளம்பும்போது கணக்கைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அவரை நிறுத்தி, மொத்தத்தை வாசிக்கச் சொல்லி, சரி என்று அவர் வாயால் சொன்ன பிறகே அனுப்பினேன். நடைமுறை காகிதத்தில் இருக்கிறது. அதைப் படிக்க ஆள் வேண்டும். உங்கள் ஐயம் உண்மையானதாக இருந்தால் அடுத்த முறை ஏதேனும் ஒரு கட்சிக்கு முகவராக அமருங்கள்.

பெங்களூருவாசி (7 ஜூன், காலை 7.30)

இங்கே எல்லோரும் வாக்களித்தவர்கள். நான் வாக்களிக்க முடியாதவன். ஏப்ரல் 18 இரவு பேருந்தில் இடம் கிடைக்காமல், ஓட்டுநர் பக்கத்திலிருந்த பலகையில் அமர்ந்து சொந்த ஊர் வந்தேன். காலையில் வாக்குச்சாவடிக்குப் போனால், என் பெயர் பட்டியலில் இல்லை. பக்கத்து வீட்டில் இறந்துபோன பெரியவரின் பெயர் இருந்தது; என் பெயர் இல்லை. அட்டை கையில் இருக்கிறது, பெயர் பட்டியலில் இல்லை என்றால் வாக்கு இல்லை என்று பணிவாகத்தான் சொன்னார்கள். நான் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

நேற்று தேர்தல் ஆணையம் நாடு முழுவதும் 65.79 சதவீதம் வாக்குப்பதிவு என்று வெளியிட்டிருக்கிறது. மீதமுள்ளவர்களைச் சோம்பேறிகள் என்று வேறோர் இடத்தில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். பெயரே பட்டியலில் இல்லாததால் அந்த மீதத்துக்குள்கூட நான் இல்லை. உங்களுக்குத் தோற்ற வாக்கைப் பற்றிய வருத்தமாவது இருக்கிறது. எனக்கு இந்த முடிவைக் கண்டு மகிழவும் தெரியவில்லை, வருந்தவும் தெரியவில்லை. அடுத்தவர் வீட்டு விசேடத்தைச் சாலையில் நின்று பார்ப்பதுபோல் இருக்கிறது.

வைகைக்கரை (7 ஜூன், காலை 9.05)

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் மனம் கலங்கியது. எங்கள் வாக்கு தோற்றதற்கு ஒரு எண் இருக்கிறது. உங்கள் வாக்குக்கு அதுவும் இல்லை.

தனிப் பெரும்பான்மை கிடைக்காதது பற்றிக் கோவைத் தம்பி எழுதியதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். தெலுங்கு தேசத்தின் 16 பேரும், ஐக்கிய ஜனதா தளத்தின் 12 பேரும் இல்லாமல் அரசு இல்லை என்பதை எல்லோரும் ஒரு வீழ்ச்சியைப்போல் பேசுகிறார்கள். 1999 ஏப்ரலில் எங்கள் கட்சி ஆதரவை விலக்கியபோது வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. அன்று எங்கள் கட்சியைத் திட்டாத ஆளில்லை. எனக்கும் அது சரியா என்ற குழப்பம் இன்றுவரை உண்டு. ஆனால் ஓர் உறுப்பினரின் ஒரு வாக்குக்கு அவ்வளவு எடை இருந்தது. தனிப் பெரும்பான்மை இருக்கும் அவையில் நம் ஊர் உறுப்பினர் எழுந்து பேசினால் கேட்பவர் குறைவு.

கொங்குக்காரன் (8 ஜூன், காலை 10.40)

அம்மா சொன்னதை முழுவதும் ஏற்க இயலாவிட்டாலும், மறுக்கவும் முடியவில்லை. நிலையான அரசு வேண்டும் என்றுதான் நான் வாக்களித்தேன். நிலைத்தன்மையை நான் எவ்வளவு நம்பினேன் என்பதற்கு ஒரு சான்றைச் சொல்கிறேன். ஜூன் 3 அன்று சென்செக்ஸ் 2,500 புள்ளிகள் ஏறியபோது மகிழ்ந்தேன். மறுநாள் ஏறத்தாழ 4,390 புள்ளிகள் சரிந்தபோது, மகளின் படிப்புக்காகச் சேர்த்திருந்த பங்குகளை மதியம் ஒரு மணிக்கு அச்சத்தில் விற்றேன். நேற்று வெள்ளிக்கிழமைக்குள் சந்தை இழந்ததையெல்லாம் மீட்டு, புதிய உச்சத்தையும் தொட்டுவிட்டது. விற்ற நான் மட்டும் மீளவில்லை. கூட்டணி அரசு என்றதும் நாடு நிலைகுலையும் என்று நம்பியது என் தவறு. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆனால் முதல் நாள் நான் எழுதிய ஒன்றில் மாற்றமில்லை. என் பகுதிச் சிக்கலைக் கொண்டுபோக எனக்கு யார் இருக்கிறார்கள்? தமிழ்நாட்டிலிருந்து சென்ற 39 பேரும் எதிர்வரிசையில் அமர்வதால் என்ன பயன்?

சட்டம்படித்தவன் (8 ஜூன், பிற்பகல் 12.20)

பயன் உண்டு. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய். ஆளுங்கட்சி உறுப்பினருக்கும் எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் ஒரே அளவு. அவையில் எழுத்துமூலம் கேட்ட கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சகம் விடையளித்தே ஆக வேண்டும். அந்த விடை பதிவாகிறது. 2014இல் 44, 2019இல் 52 என்று இருந்ததால் காங்கிரசுக்கு எதிர்க்கட்சித் தலைவர் பதவி கிடைக்கவில்லை. அவையில் பத்தில் ஒரு பங்கு வேண்டும் என்பது நடைமுறை. இப்போது 99 இருப்பதால் பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்தப் பதவியில் ஒருவர் அமர்வார். உங்கள் பங்குகள் குறித்து வருந்துகிறேன், வீட்டில் சொல்லிவிடுங்கள்.

பெங்களூரு நண்பருக்கு: இனி ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகுதி நாள் இப்போது ஆண்டுக்கு நான்கு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள். பட்டியலிலிருந்து நீங்கிய பெயரைச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. ஆனால் நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டப்படி நீங்கள் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். உங்கள் ஊர் எது?

பெங்களூருவாசி (8 ஜூன், இரவு 10.15)

இந்தக் கேள்விக்கு விடை எழுதி எழுதி அழித்தேன். பதினோரு ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன். வாடகை, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் இங்கே. மனம் மட்டும் அங்கே. படிவத்தில் மனத்துக்கு இடமில்லை. இருந்தாலும் நாளை படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்குகிறேன்.

கரிசல்மண் (10 ஜூன், காலை 6.30)

நேற்று மாலை பதவியேற்பு விழாவை நால்வரும் சேர்ந்து பார்த்தோம். மகன் முழுவதும் பார்த்தான். மகள் பாதியில் எழுந்து போனாள். விழா முடிந்ததும் என் மனைவி என் பழைய தேர்வுத்தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வந்து, "எழுதுங்கள்" என்றார். மாணிக்கம் தாகூருக்கு ஒரு மனு. சிவகாசிச் சகோதரி எழுதியதைத் தன் சொற்களில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: பட்டாசுத் தொழிற்சாலைகளின் பாதுகாப்பு ஆய்வு பற்றி எழுத்துமூலம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்; விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இன்னொரு கேள்வி.

முதல் வரியில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. "நான் தங்களுக்கு வாக்களிக்கவில்லை" என்று தொடங்க வேண்டும் என்றார். அது தேவையில்லை, மனுவுக்குக் கேடு என்றேன். "வாக்களித்தவள் என்று நினைத்து அவர் செய்தால் அது எனக்குச் செய்தது ஆகாது" என்றார். அவர் சொன்னபடியே எழுதினேன். நால்வரும் கையொப்பமிட்டோம்; மகன் முதலில் தயங்கினான், பிறகு இட்டான்.

சிவகாசிச் சகோதரிக்கு: அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் விருப்பம். தொழிற்சாலை பற்றி நாங்கள் எழுதியதில் பிழை இருக்கலாம்.

சிவகாசிப்பெண் (10 ஜூன், இரவு 9.45)

அனுப்புங்கள் ஐயா, படிக்கிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுகிறேன். ஒரு செய்தியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார்: ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்று விதி இருக்கிறது, வேலை மிகும் மாதங்களில் அதை யார் வந்து எண்ணிப் பார்க்கிறார்கள் என்று கேட்க வேண்டுமாம். அம்மாவுடன் வேலை செய்பவர்களில் ஆறு பேர் கையொப்பமிடத் தயாராக இருக்கிறார்கள். அவர்கள் யாருக்கு வாக்களித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. தாளில் கீழே இடம் விட்டு வையுங்கள்.